கோடு போடும் முன் கேட்பது: புதிய புறநகர் மையமும் மக்கள் கருத்தும்

பெரிய நகரங்களின் விளிம்பில் முதலில் வீடுகள்தான் வருகின்றன. நூறு மனைகள், பிறகு ஐந்நூறு, பிறகு அடுக்குமாடிகள். ஆனால் மருந்து வாங்கவும், ஒரு படிவத்தைக் கொடுக்கவும், மாலையில் நாலு பேரைப் பார்த்துப் பேசவும் அங்கிருப்பவர்கள் பழைய நகரத்துக்கே போக வேண்டியிருக்கிறது. இந்தக் குறையைத் தீர்க்க, ரயில் நிலையத்தையோ பஸ் நிலையத்தையோ ஒட்டிக் கடைகள், அலுவலகங்கள், நூலகம், மருத்துவமனை, ஒரு திறந்தவெளி, சில குடியிருப்புகள் என்று எல்லாவற்றையும் நடந்துபோகும் தூரத்தில் கூட்டி அமைக்கிறார்கள். இதைத்தான் புறநகர் மையம் என்கிறோம். ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் நகருக்கு மேற்கே 1954-இல் திறக்கப்பட்ட வெல்லிங்பி இதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு. வேலை, வீடு, மையம் மூன்றும் ஒரே இடத்தில் சேர வேண்டும் என்ற எண்ணத்தில், சுரங்க ரயில் நிலையத்தைச் சுற்றி அது எழுந்தது.

இப்படி ஒரு மையத்தைக் கட்டும்போது யார் யாரைக் கேட்க வேண்டும், எப்போது, எதைப் பற்றி? பொதுமக்கள் கருத்துக் கேட்பு என்பதன் உள்ளடக்கம் இந்த மூன்று கேள்விகள்தாம்.

முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்கள், அந்த முடிவால் வாழ்க்கை மாறப்போகிறவர்களிடம் திட்டத்தை விளங்கச் சொல்லி, அவர்கள் சொல்வதைக் கேட்டு, கேட்டதை எடைபோட்டு, அதன் பிறகே முடிவெடுப்பதுதான் கருத்துக் கேட்பு. வரிசை முக்கியம். முடிவெடுத்துவிட்டு வந்து சொன்னால் அதற்குப் பெயர் அறிவிப்பு. கை தூக்கச் சொல்லிப் பெரும்பான்மைப்படி நடந்தால் அது வாக்கெடுப்பு. கருத்துக் கேட்பு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. முடிவெடுக்கும் பொறுப்பு அதிகாரிகளிடமும் உள்ளாட்சி மன்றத்திடமும்தான் இருக்கும். ஆனால் கேட்ட பிறகு அந்த முடிவு மாறக்கூடியதாக இருக்க வேண்டும். மாறவே முடியாத ஒன்றைப் பற்றிக் கேட்பதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் உண்டு: கண்துடைப்பு.

கேட்காமல் கட்டியதன் கதை

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரின் நெரிசலைக் குறைக்க 1955-இல் கம்பர்நால்ட் என்ற புதுநகரம் அறிவிக்கப்பட்டது. அதன் நகர மையத்தை ஒரு மலைமுகட்டில், ஒரே மாபெரும் கட்டடமாகத் திட்டமிட்டார்கள். கடைகள், அலுவலகங்கள், நூலகம், மேல்தளத்தில் வீடுகள், அடியில் கார்கள் ஓடும் சாலை என எல்லாம் ஒரே கூரையின் கீழ். முதல் பகுதி 1967-இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் அமைப்பு அந்த நகரின் வடிவமைப்புக்கு விருது கொடுத்தது. உலகெங்கிலுமிருந்து நகரமைப்பாளர்கள் வந்து பார்த்து வியந்தார்கள்.

அங்கே குடியிருந்தவர்கள் வியக்கவில்லை. காற்று ஊளையிடும் தளங்களும், எங்கே ஏறி எங்கே இறங்குவது என்று புரியாத சரிவுப் பாதைகளும், ஒழுகும் கான்கிரீட்டும்தான் அவர்களுக்குக் கிடைத்தன. திட்டமிட்டதில் ஒரு பகுதி கட்டப்படவே இல்லை. 2001-இலும் 2005-இலும் ஸ்காட்லாந்தின் ஆகச் சோர்வூட்டும் நகரம் என்ற பட்டம் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. கடைசியில் 2022-இல், மையத்தை வாங்கி இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போவதாக உள்ளாட்சி மன்றம் அறிவித்தது.

மக்களைக் கேட்டிருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நிதித் தட்டுப்பாடு, காலம் மாறியது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மலைமுகட்டில் காற்று எப்படி வீசும் என்பது அந்த வட்டாரத்தில் ஒரு குளிர்காலம் இருந்தவருக்குத் தெரியும். தள்ளுவண்டியில் குழந்தையோடு சரிவில் ஏறுவது எப்படி இருக்கும் என்பது ஏறியவருக்குத் தெரியும். இந்த அறிவு வரைபடத்தில் இல்லை, பட்டப்படிப்பிலும் இல்லை. அது மக்களின் கால்களில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது ஒரு மரியாதைக் காரியம் மட்டும்தான் என்று நினைப்பவர்கள், மிக மலிவாகக் கிடைக்கும் தகவலைக் கைவிடுகிறார்கள்.

இன்னும் முடிவாகாதது எது?

கம்பர்நால்ட் மையம் திறந்து இரண்டே ஆண்டுகளில், 1969-இல், இரண்டு காரியங்கள் நடந்தன. பிரிட்டனில் ஆர்தர் ஸ்கெஃபிங்டன் தலைமையிலான குழு, திட்டமிடலில் மக்கள் எப்படிப் பங்கேற்கலாம் என்று அரசுக்கு அறிக்கை கொடுத்தது. அமெரிக்காவில் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்பவர், மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கிக் கட்டுரை எழுதினார். அடியில், மக்களை ஏய்த்து இணங்க வைப்பது. உச்சியில், மக்களே முடிவை நடத்துவது. கருத்துக் கேட்பை அவர் நான்காவது படியில் வைத்தார். பெயரளவுப் பங்கேற்பு என்று அவர் குறித்த நடுப்பகுதியில் அது விழுகிறது. கேட்பதோடு நின்றுவிட்டால், கேட்டது நடக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்பது அவருடைய வாதம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நகரமைப்பு மாணவர்கள் அந்த ஏணியைப் படிக்கிறார்கள். கடுமையான வாதம்தான், ஆனால் நியாயமானது.

கேட்பதற்கு உத்தரவாதம் சேர்ப்பது எப்படி? சட்டம் சில வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறது. லண்டனின் பிரெண்ட் பகுதியில் பள்ளிகளை மூடுவது தொடர்பாக 1985-இல் வந்த ஒரு வழக்கிலிருந்து, கன்னிங் கோட்பாடுகள் என்று இன்று அழைக்கப்படும் நான்கு நிபந்தனைகள் பிறந்தன. திட்டம் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும். மக்கள் அறிவோடு பதில் சொல்லப் போதுமான விவரங்களைத் தர வேண்டும். யோசித்துப் பதில் சொல்லப் போதிய காலம் தர வேண்டும். வந்த பதில்களை மனச்சாட்சியோடு பரிசீலித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2014-இல் இவற்றை ஏற்று உறுதிசெய்தது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் 1998-இல் கையெழுத்தான ஐரோப்பிய உடன்படிக்கையும், எல்லா வாய்ப்புகளும் திறந்திருக்கும் தொடக்க நிலையிலேயே மக்கள் பங்கேற்க வேண்டும் என்கிறது.

நான்கில் முதல் நிபந்தனையே எனக்கு உயிர்நாடியாகத் தோன்றுகிறது. ஒரு நகர மையத் திட்டத்தில் முடிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. முதலில் இடம். பிறகு முக்கியச் சாலைகள் எங்கே போகும், தண்ணீர் எங்கே வடியும் என்பவை. பிறகு எந்த நிலம் எந்தப் பயனுக்கு என்பது. பிறகு கட்டடங்களின் உயரமும் அடர்த்தியும். கடைசியில் இருக்கை, விளக்கு, மரம். கீழே இருப்பது முடிந்துவிட்டால் மேலே இருப்பதில்தான் கை வைக்க முடியும். பெரும்பாலான கூட்டங்கள் கடைசி அடுக்கில் நடக்கின்றன. பலகையில் வழவழப்பான வண்ணப் படம் மாட்டியிருக்கும். அதில் மரங்கள் எல்லாம் ஏற்கெனவே வளர்ந்து நிழல் தரும், மனிதர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். இருக்கைக்கு மரமா, கல்லா என்று கேட்பார்கள். ஆறு வழிச் சாலை குடியிருப்பையும் மையத்தையும் இரண்டாக வெட்டிப் போவது பற்றி யாராவது எழுந்து கேட்டால், அது போன வருடமே முடிவாகிவிட்டது என்று பதில் வரும். கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்.

ஆகவே எந்தக் கூட்டத்திலும் முதலில் கேட்க வேண்டியது: இன்றைய தேதியில் எது முடிவாகிவிட்டது, எது முடிவாகவில்லை? நேர்மையான அமைப்பு இதைக் கேட்கும் முன்பே சொல்லிவிடும். ரயில் நிலையம் நகராது, வெள்ளம் தேங்கும் தாழ்நிலத்தில் கட்ட முடியாது, இந்த மூன்று விஷயங்களில் உங்கள் சொல் எங்களை மாற்றும் என்று வெளிப்படையாகச் சொல்பவர்களிடம் மக்கள் கோபப்படுவது குறைவு. எல்லாம் உங்கள் விருப்பம்தான் என்று சொல்லிவிட்டுப் பிறகு கைவிரிப்பவர்கள்தான் நம்பிக்கையைக் கொல்கிறார்கள். ஒருமுறை அப்படி ஏமாந்தவர் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார். அவர் வராததைக் காட்டி, மக்களுக்கு ஆர்வமில்லை என்று எழுதிவிடுவார்கள்.

எப்படிக் கேட்பது

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் பட்டியல் வரும். நீச்சல் குளம், திரையரங்கு, பூங்கா, இலவச வாகன நிறுத்துமிடம். பட்டியலில் தவறில்லை, ஆனால் அதை வைத்து ஒரு மையத்தை வடிவமைக்க முடியாது, ஒன்றுக்கொன்று மோதும். வாகன நிறுத்துமிடம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்குக் கடைகள் விலகிப்போகும். நடப்பவருக்கு வெயிலும் தூரமும் மிஞ்சும்.

அதற்குப் பதிலாக அவருடைய நாளைக் கேட்கலாம். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்? குழந்தையை எங்கே விட்டுவிட்டு எங்கே போகிறீர்கள்? கடைசியாக எதற்காகப் பழைய நகரத்துக்குப் போனீர்கள், திரும்பும்போது எந்த இடத்தில் அலுத்துப்போனது? இருட்டிய பின் எந்தப் பாதையைத் தவிர்க்கிறீர்கள்? இந்தக் கேள்விகளுக்கு எல்லோராலும் பதில் சொல்ல முடியும். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இல்லை. வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத முதியவர் சொல்லும் பதிலிலிருந்து கழிப்பறை எங்கே வேண்டும், உட்காரும் திண்ணை எத்தனை அடிக்கு ஒன்று வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பேசத் தயங்குபவர்களுக்காக 1970-களில் பிரிட்டனில் டோனி கிப்சன் ஒரு வழிமுறையை உருவாக்கினார். அப்பகுதியின் மாதிரியை அட்டையில் செய்து, பல சமயம் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே செய்து, அதை ஊரின் பல இடங்களுக்குத் தூக்கிச் செல்வார்கள். ஒவ்வொருவரும் ஒரு சிறு அட்டையை எடுத்து, தமக்கு வேண்டிய இடத்தில் வைத்துவிட்டுப் போகலாம். விளக்கு இங்கே, சாலையைக் கடக்கும் இடம் அங்கே. யார் வைத்தது என்று தெரியாது. மைக்கைப் பிடித்துப் பேசும் நாலு பேரின் ஆதிக்கம் அங்கே செல்லாது. இந்த எளிமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கணினித் திரையில் சுழலும் முப்பரிமாணப் படம் இதன் பக்கத்தில் வராது. அதில் விரல் வைக்க முடியாது.

ஷரெட் என்ற இன்னொரு முறையும் உண்டு. பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்குக் கைவண்டி என்று பொருள். பாரிஸ் நுண்கலைப் பள்ளியில் 19-ஆம் நூற்றாண்டு மாணவர்கள், வரைபடங்களைச் சேகரிக்க வண்டி வரும் கடைசி நொடி வரை வரைந்துகொண்டிருந்ததால் வந்த பெயர் இது என்பார்கள். இன்று அது, வடிவமைப்பாளர்களும் மக்களும் அதிகாரிகளும் சில நாள்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வரைந்து, விவாதித்து, திருத்தி, மறுபடி வரையும் கூட்டுப்பணியைக் குறிக்கிறது. காலையில் ஒருவர் சொன்ன குறை மாலை வரைபடத்தில் திருத்தப்பட்டிருப்பதை அவரே பார்க்கிறார். வேலையை விட்டு இத்தனை நாள் வர முடியாதவர்கள் விடுபட்டுப்போவது இதன் குறை.

வராதவர்களும் இன்னும் குடிவராதவர்களும்

மாலை ஆறு மணிக்கு ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பல நகரங்களின் திட்டக் கூட்டப் பதிவுகளை ஆராய்ந்து பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட முடிவு இதைத் தெளிவாகக் காட்டியது. எழுந்து பேசியவர்களில் வயதில் மூத்தவர்கள், ஆண்கள், சொந்த வீடு உள்ளவர்கள், நெடுநாளாக அங்கே வாழ்பவர்கள் ஆகியோரின் பங்கு அவர்களின் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகம். புதிய குடியிருப்புகளை எதிர்த்துப் பேசியவர்களே அவர்களில் பெரும்பாலோர். அவர்கள் பேசக் கூடாது என்பதில்லை. அவர்கள் மட்டுமே மக்கள் ஆகிவிடக் கூடாது.

வாடகைக்கு இருப்பவர், இரவு வேலைக்குப் போகிறவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், வேற்று மொழி பேசுபவர், பதின்வயதினர் ஆகியோர் மண்டபத்துக்கு வரவில்லை என்றால், மண்டபம்தான் அவர்களிடம் போக வேண்டும்: பஸ் நிறுத்தத்துக்கு, பள்ளி வாசலுக்கு, ஷிப்டு முடியும் நேரத்தில் தொழிற்சாலை வாயிலுக்கு. வியன்னா நகரம் 1990-களில் தன் பூங்காக்களைக் கவனித்தபோது, ஒன்பது வயதைத் தாண்டிய பெண் குழந்தைகள் அங்கே வருவது சட்டென்று குறைவது தெரிந்தது. ஆண் பிள்ளைகள் பந்து விளையாடும் ஒரே பெரிய மைதானத்தில் அவர்கள் இடத்துக்குப் போட்டியிடாமல் ஒதுங்கிப்போனார்கள். 1999-இல் இரண்டு பூங்காக்களைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, நடைபாதைகளும் வேறு விளையாட்டுகளுக்கான இடங்களும் அமைத்தார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். அந்தச் சிறுமிகள் எந்தக் கூட்டத்திலும் எழுந்து ஆட்சேபனை தெரிவிக்கவில்லை. யாரோ ஒருவர் அவர்கள் வராததைக் கவனித்ததுதான் தொடக்கம்.

ஜெர்மனியில் பீட்டர் டீனெல் 1970-களில் வேறொரு வழியைக் கொண்டுவந்தார். குலுக்கல் முறையில் சுமார் 25 பேரைத் தேர்ந்தெடுத்து, சில நாள்களுக்கு ஊதியம் கொடுத்து உட்கார வைத்து, நிபுணர்களிடம் கேள்வி கேட்கவிட்டு, பரிந்துரை எழுதச் சொல்வது. தாமாக வருபவர்களுக்குப் பதில் ஊரின் ஒரு துண்டே அங்கே வந்து உட்காருகிறது. ஊதியம் கொடுப்பது சின்ன விஷயம்போலத் தெரியும். அன்றாடக் கூலியை இழக்க முடியாதவர் வர முடிவது அதனால்தான்.

புறநகர் மையத்துக்கென்றே தனியாக ஒரு சிக்கல் உண்டு. அதைப் பயன்படுத்தப்போகிறவர்களில் பலர் இன்னும் அங்கே குடிவரவே இல்லை. சிலர் இன்னும் பிறக்கவில்லை. இன்று இருப்பவர்களை மட்டும் கேட்டால், நாளை வருகிறவர்களுக்கு எதிராகவே மையம் அமையக்கூடும். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரம் இதற்கு ஓர் அழகான விடை கண்டது. அங்கே பிரெஞ்சுப் படை 1992-இல் காலிசெய்துவிட்டுப் போன முகாம் நிலத்தில் வோபான் என்ற குடியிருப்பு திட்டமிடப்பட்டது. 1995-இல் வோபான் மன்றம் என்ற குடிமக்கள் அமைப்பை, மக்கள் பங்கேற்பை நடத்தும் பொறுப்பில் நகராட்சி அங்கீகரித்தது. அங்கே வீடு கட்டிக் குடிவர விரும்பிய குடும்பங்களே குழுக்களாகச் சேர்ந்து போக்குவரத்து, எரிசக்தி, பொது இடம் ஆகியவற்றைப் பற்றி விவாதித்தார்கள். வீட்டு வாசலில் கார் நிறுத்தாத தெருக்களும், விளிம்பில் பொது வாகன நிறுத்தகமும் அந்த விவாதங்களோடு சேர்ந்து உருவானவை. கார் இல்லாமல் வாழ ஒப்புக்கொண்ட மனிதர்கள் முதலில் கிடைத்ததால்தான் அந்தத் தெருக்களை அப்படி வரைய முடிந்தது.

இப்படி முன்கூட்டியே ஆட்கள் கிடைக்காத இடத்தில், சில ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட பக்கத்துப் புறநகருக்குப் போய்க் கேட்கலாம். குடிவந்த முதல் ஆண்டில் எது இல்லாமல் திண்டாடினீர்கள் என்ற கேள்விக்கு அவர்கள் தரும் பதில், எந்த மக்கள்தொகைக் கணிப்பையும்விடப் பயனுள்ளது.

கேட்ட பிறகு

கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் போய்விட்டால் கேட்டது பாதிதான். மக்கள் என்ன சொன்னார்கள், எதை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்று ஓர் ஆவணம் வெளிவர வேண்டும். ஏற்காததற்கான காரணம் எழுதப்பட்டிருப்பதுதான் இதில் கடினமான பகுதி, மதிப்புள்ள பகுதியும் அதுவே. "உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்ற ஒற்றை வரி பதிலாகாது. நடைபாலத்துக்குப் பதிலாகத் தரைமட்டக் கடவையைக் கேட்டீர்கள். சாலையின் வேகத்தைக் குறைக்க ஒப்புதல் கிடைத்ததால் அதை ஏற்றுக்கொண்டோம். கட்டடத்தை நான்கு மாடியாகக் குறைக்கச் சொன்னீர்கள். அப்படிச் செய்தால் இத்தனை குடும்பங்களுக்கு வீடு கிடைக்காது என்பதால் ஏற்கவில்லை. இந்த அளவுக்குத் திட்டவட்டமாக இருந்தால் எதிர்த்தவர்கூட மதிப்பார்.

எல்லாக் கோரிக்கைகளையும் ஏற்க வேண்டும் என்பதில்லை. நூறு பேர் கையெழுத்திட்டாலும், வெள்ள வடிகாலை மூடிக் கடை கட்ட முடியாது. ஏழைகளுக்கான வீடுகள் இங்கே வேண்டாம் என்று மண்டபமே எழுந்து நின்றாலும் பணிந்துவிடக் கூடாது. கருத்துக் கேட்பு ஒருவரின் உரிமையைப் பறிக்கும் கருவியாக மாறக் கூடாது.

நீங்கள் முதல் முறையாக இப்படி ஒரு கூட்டத்துக்குப் போகப்போகிறீர்கள் என்றால், முந்தைய நாள் அந்த நிலத்தில் ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். மழை பெய்தபின் போனால் இன்னும் நல்லது. வரைபடத்தில் அளவுகோலைத் தேடி, உங்கள் வீட்டிலிருந்து மையத்துக்கு நடக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். சொல்ல வந்ததை எழுதியும் கொடுங்கள். பேச்சு காற்றோடு போகலாம், தேதியிட்டு ஒப்புகை பெற்ற தாளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பதில் ஆவணம் எந்தத் தேதியில் வெளிவரும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். மையம் திறந்து ஓர் ஆண்டு கழித்து, மக்கள் அதில் நடந்து பழகிய பிறகு, திரும்ப வந்து கேட்பீர்களா? புல்தரையில் மக்கள் தாமாகப் போட்டுக்கொண்ட ஒற்றையடிப் பாதைகள் அப்போது தெரியும். எந்தத் திறந்தவெளி வெறிச்சோடிக் கிடக்கிறது, எந்தப் படிக்கட்டில் பிள்ளைகள் கூடுகிறார்கள் என்பதும் தெரியும். அதற்காக ஓரிரு மனைகளை எதற்கென்று முடிவு செய்யாமல் விட்டுவைப்பது நல்லது. அந்த இரண்டாவது சுற்றுக்கான தேதியும் பணமும் முதல் வரைவிலேயே எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.